உடன் வந்தவர் கூற்று

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் வீட்டு முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் பாக்கியசீலன், வயது எழுபத்திரண்டு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அவர் மனைவி இன்பமணி. அவர்களுடைய ஒரே மகள் கிறிஸ்டி, இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டோடு. அவளுடைய கணவன் எபி. எபியின் தகப்பனார் அப்பாத்துரை, பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஆறாவதாக, மின்விசிறிக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில் சபையின் குருவானவர். அவரை அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். வேறு ஒருவரும் இல்லை. பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணைக்கூட பாக்கியசீலன் மத்தியானமே அனுப்பிவிட்டிருந்தார்.

ஒன்பது நாள் முன்பு, பேட்டை வீட்டில், எபி கிறிஸ்டியின் கையை முறுக்கிச் சுவரில் மோதியதில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்பது காரணம். முதல் தடவை அல்ல. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாலைந்து முறை அவள் தாய்வீட்டுக்கு வந்து, வந்த காரணத்தைச் சொல்லி, இரண்டு நாள் இருந்து திரும்பிப் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இன்பமணி பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். பாக்கியசீலன் எதுவும் சொல்லாமல் மருமகனுக்கு ஒரு போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். இந்த முறை எலும்பு முறிந்துவிட்டபடியால் ஐயர் வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

பாக்கியசீலனின் தாத்தா மிஷன் காலத்தில் ஊர் ஊராய்ப் போய் வேதம் போதித்த உபதேசியார். அப்பா தலைமையாசிரியர். அந்தக் குடும்பத்துப் பெயர் எந்தக் காவல் நிலையத்துத் தாளிலும் ஏறியதில்லை. சபை மன்றத்தில் சொத்துத் தகராறு வந்தபோதும், பக்கத்து மனைக்காரன் மதிலை இரண்டடி நகர்த்திக் கட்டியபோதும், உட்கார்ந்து பேசித்தான் தீர்த்தார்கள். இதையும் அப்படியே தீர்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதில் தவறு இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை.

எபி மன்னிப்புக் கேட்டான். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மாமனாரைப் பார்த்துக் கேட்டான். பிறகு ஐயரைப் பார்த்துக் கேட்டான். கிறிஸ்டி இருந்த பக்கம் அவன் முகம் திரும்பவில்லை. கோபத்தில் லேசாகப் பிடித்துத் தள்ளியதுதான் என்றும், எலும்பு முறியும் என்று தான் கண்டானா என்றும் சொன்னான்.

"அண்ணாச்சி, அவன் ஒண்ணும் குடிகாரன் இல்ல. ஒரு முன்கோபம். அது எங்க வீட்டு ரத்தம்லா," என்றார் அப்பாத்துரை, ஏதோ பரம்பரைச் சொத்தைச் சொல்வதுபோல. "ஒரு பிள்ளை பெறந்துட்டா எல்லாம் அடங்கிரும், பாருங்க."

பாக்கியசீலனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தம் வீட்டில் அவர் யார்மீதும் கை ஓங்கியதில்லை. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்வது அவருக்கு வழக்கமில்லை.

ஐயர் ஒரு வழி சொன்னார். நாளை ஞாயிறு. எபி, கிறிஸ்டி திருமண நாள் வருகிற வாரத்தில்தான் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் அந்த வாரம் திருமண நாள் காண்கிறவர்களை முன்னால் அழைத்து ஜெபிப்பது சபையின் வழக்கம். இருவரும் சேர்ந்து வந்து நின்றால் ஜெபம் பண்ணி ஆசீர்வதிப்பார். சபையாரும் பார்ப்பார்கள், வெளியே நடக்கிற பேச்சும் நின்றுபோகும். கட்டுப் பிரித்ததும் அவள் பேட்டைக்குப் போய்விடலாம்.

எல்லோருக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. ஐயர் கிறிஸ்டி பக்கம் திரும்பி, "என்னம்மா, உனக்குச் சந்தோஷந்தானே?" என்றார்.

"அவளுக்கு என்ன ஐயரே, நாம சொன்னா கேப்பா," என்றார் பாக்கியசீலன்.

இன்பமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஐந்து பேர் குடித்தார்கள்.

மறுநாள் சபைக் கோயிலில், இரண்டாம் பாட்டு முடிந்ததும் ஐயர் பெயர்களை வாசித்தார். வயதான தம்பதி ஒன்று, போன வருஷம் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று, மூன்றாவதாக எபி, கிறிஸ்டி. ஆண்கள் பக்கத்திலிருந்து எபி எழுந்து, புதுச் சட்டை மொடமொடக்க, முன்னால் போய் நின்றான். மற்ற இரண்டு ஜோடிகளும் அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டு நின்றார்கள்.

பாக்கியசீலன் பெண்கள் பக்கம் பார்த்தார். கிறிஸ்டி எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்பமணி மகளின் முழங்கையைத் தொடுவாள், எழுப்புவாள் என்று எதிர்பார்த்தார். இன்பமணி தன் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் இன்னொரு முறை பெயரை வாசித்தார். நானூறு பேர் இருந்த கோயிலில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஐயர் கண்ணை மூடி, இரண்டரை ஜோடிக்கு ஜெபம் பண்ணினார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வேப்பமரத்தடியில் நின்ற பெண்கள் குரலைத் தாழ்த்தாமலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கு அந்தப் பையன் என்ன செய்வான், பாவம். ஊர் முன்னால ஒத்தையா நிக்க வச்சிட்டாளே."

"சம்பாத்தியம் வந்துட்டுல்லா. அதான் நிமிர்வு."

வழுக்கி விழுந்த கதை சபைக்குள் எப்படி வந்தது என்று பாக்கியசீலன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதை முதலில் சொன்னவர் அவர்தான்.

கை முறிந்த அன்று, துப்பட்டாவில் கையைக் கட்டிக்கொண்டு கிறிஸ்டி தனியாக ஆட்டோவில் ஆற்றுப்பாலம் தாண்டி வந்து இறங்கினாள். நடந்ததை வாசலிலேயே சொன்னாள். அதே ஆட்டோவில் அவர் அவளை அரசு ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிபட்டு வருகிறவர்களை விபத்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் எக்ஸ்ரே எடுக்க அனுப்புவார்கள். பணியில் இருந்தவர் டாக்டர் தஸ்மியா என்ற இளம்பெண். அவர் கிறிஸ்டியைப் பார்த்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். பின்னால் நின்ற பாக்கியசீலன், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று கிறிஸ்டியிடம் இன்னொரு தடவை கேட்டார். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுதினார். உடன் வந்தவர் என்ற இடத்தில் பாக்கியசீலன் தெளிவாகக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் கிறிஸ்டி குளித்து, அம்மாவைக் கொண்டு தலை பின்னிக்கொண்டு வந்து நின்றாள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள். பாக்கியசீலன் வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பதற்கு அவரிடம் இருந்த காரணங்களையெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வராட்டாலும் நான் போவேம்ப்பா," என்றாள்.

தம் வீட்டுப் பெண் அந்த இடத்துக்குத் தனியாகப் போவது இன்னும் கேவலம் என்று பட்டதால், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனார்.

நிலையத்தில் உதவி ஆய்வாளர் பிரம்மநாயகி மேசையில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முந்தின நாள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்து முடிந்து தூங்காத கண்கள். பாக்கியசீலன் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது.

படிப்பு என்ன என்று பிரம்மநாயகி கேட்டார். எம்.எஸ்சி. வேலை? கங்கைகொண்டானில் ஓர் ஆலை, தரப் பரிசோதனை. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள்? சில நாள் ஏழு, சில நாள் எட்டு. பிள்ளைகள்? இல்லை. "ம்," என்றார் பிரம்மநாயகி, அதிலேயே பாதிக் கேஸ் விளங்கிவிட்டதுபோல.

"போன்ல யார்கூடயும் ரொம்பப் பேசுவியா?"

"இல்ல மேடம்."

"இல்லம்மா, எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுதாவ. பெறவு மாப்பிள்ளை பக்கத்துல ஒரு கட்டு போன் கணக்குப் பேப்பரைக் கொண்டாந்து போடுதாவ. அதான் கேக்கேன்."

பெஞ்சில் இருந்த பாக்கியசீலனுக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கேள்வியை ஒரு வெளியாள் தம் மகளிடம் கேட்கும் நிலை வந்துவிட்டதே என்று நினைத்தார். எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தார். அதற்குள் பிரம்மநாயகி, ஆசுபத்திரியில் கொடுத்த பதிவேட்டு நகல் சீட்டைக் கேட்டு வாங்கினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"இதுல, குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உடன் வந்த தந்தை கூற்றுன்னுல்லா போட்டிருக்கு."

"அது அப்பா சொன்னாவ மேடம்."

"அப்ப நீ சொல்லுதது சரியா, உங்கப்பா சொன்னது சரியா?" பிரம்மநாயகி வாசலை எட்டிப் பார்த்தார். "பெரியவரே, இங்கன வாங்க. இதுல இருக்கது நீங்க சொன்னதுதானா?"

பாக்கியசீலன் எழுந்து உள்ளே போனார். மேசைமேல் சீட்டு இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து. கிறிஸ்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றார். "நான் சொன்னதுதான்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிரம்மநாயகி சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டார். மனுவை வைத்துவிட்டுப் போகட்டும், இரண்டு பேரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசி அனுப்பலாம் என்றார். கிறிஸ்டி ரசீது கேட்டாள். பேசின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. வீட்டு முன்னால் இறங்கி, கேட்டின் கொண்டியை ஒற்றைக் கையால் எடுக்க முயன்றுகொண்டே, "டாக்டரம்மா எங்கிட்டதாம்ப்பா கேட்டாவ," என்றாள். அவர் கொண்டியை எடுத்துவிட்டார். அவள் உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாத்துரை போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"அண்ணாச்சி, ஸ்டேஷன்ல நீங்க சொன்னதைக் கேள்விப்பட்டேன். எங்க வயித்துல பாலை வாத்திய. பெத்த மகளாச்சேன்னு பாக்காம, ரெண்டு வீட்டு மானத்தையும் காப்பாத்திட்டிய. எபி சொல்லுதான், மாமா நம்ம பக்கம்னு."

பாக்கியசீலன் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் அவரை இப்படிக் கூசவைத்ததில்லை.

அவர் அம்பாசமுத்திரம் பக்கம் சார்பதிவாளராக இருந்த காலத்தில், குடும்பச் சொத்தில் தங்களுக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் பெண்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். அண்ணனோ தம்பியோ பக்கத்தில் நிற்பான். மனமுவந்துதான் எழுதிக் கொடுக்கிறாயா என்று பதிவாளர் கேட்க வேண்டும். கேட்டால் பதில் அண்ணன் வாயிலிருந்து வரும். பாக்கியசீலன் அதை ஏற்கமாட்டார். கூட வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடச் சொல்லி, திரும்பவும் கேட்பார். அப்படித்தான் ஒருமுறை முத்துமாலை என்ற பெண், எனக்கு இஷ்டமில்லை ஐயா என்று சொல்லிவிட்டாள். வெளியே அண்ணன்மார் நான்கு பேர் அரிவாள் எடுக்காத குறை. அவர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கதையை அவர் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் கிறிஸ்டிக்கு அது மனப்பாடம். நாற்காலி போட்ட இடம் வந்தால் அவளே எடுத்துச் சொல்வாள்.

ஊரார் பெண்களுக்குப் போட்ட நாற்காலியைத் தம் மகளுக்குப் போடவில்லை. ஆசுபத்திரியில் போடவில்லை. ஐயர் கேட்டபோதும் போடவில்லை. அதுவும் போதாமல், அவள் வாய் திறக்கும் முன்னால் பதில் சொன்ன அண்ணன்காரன் வேலையைத் தாமே பார்த்தார். குடும்பத்தின் பெயரைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, கையை முறித்தவனின் பெயரைக் காத்தார். அப்பாத்துரை நன்றி சொன்னது அதற்குத்தான்.

அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து நீளத் தாளில் எழுதத் தொடங்கினார். மூன்று தாளைக் கிழித்தார். நான்காவது தாள் பத்திர எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

புதன்கிழமை காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். எங்கே போகிறார் என்று இன்பமணி கேட்கவில்லை. மேசையில் இருந்ததை அவள் படித்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும், "ரெண்டு நாள் முந்தியே போயிருக்கலாம்," என்றாள். பிறகு, "நானும் அஞ்சு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நிலையத்தில் பிரம்மநாயகி அவரை அடையாளம் கண்டுகொண்டு, பெஞ்சில் இருக்கச் சொன்னார். பாக்கியசீலன் பெஞ்சில் உட்காராமல் மேசைக்கு எதிரே நின்று தாளை நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான். அன்று தாம் மருத்துவரிடம் சொன்னது பொய். மகள் வழுக்கி விழவில்லை. கணவன் எபி கையை முறுக்கி உடைத்ததை அவள் தம்மிடம் வீட்டு வாசலிலேயே சொன்னாள். இதற்கு முன் நடந்தவற்றையும் அவ்வப்போது சொல்லியிருக்கிறாள். அவற்றின் மாதங்கள் கீழே உள்ளன. குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சித் தாம் மறைத்தார். மகள் மறைக்கவில்லை.

பிரம்மநாயகி இரண்டு முறை படித்தார்.

"ஐயா, இதை வாங்குனா உங்க பேரும் இதுல வரும். நாளைக்குக் கோர்ட்ல அவன் வக்கீல் உங்களைக் கூண்டுல ஏத்தி, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யான்னு நாலு பேர் முன்னால கேப்பான். இந்த வயசுல தேவையா?"

"கேக்கட்டும். அன்னைக்குச் சொன்னதுதான் பொய்னு சொல்லுவேன்."

"பேரு கெட்டுரும், ஐயா."

"என் பேருதானே, கெடட்டும். ரெண்டு ரசீது குடுங்கம்மா. ஒண்ணு இதுக்கு. இன்னொண்ணு என் மகள் திங்கக்கிழமை குடுத்த மனுவுக்கு."

பிரம்மநாயகி அவரை நிமிர்ந்து பார்த்தார். தமக்கு மேலே உள்ள இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார். பாக்கியசீலன் சரி என்று சொல்லிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அரசாங்க அலுவலகத்தில் ஒருவரைச் சும்மா உட்காரவைத்து அலுக்கவைத்து அனுப்பும் முறை முப்பத்து நான்கு வருஷம் உத்தியோகம் பார்த்தவருக்குத் தெரியாதா? பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய சபைக்காரர் ஒருவர் வண்டியைத் தொலைத்த மனுவோடு வந்தவர், இவரைப் பார்த்து வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார். பாக்கியசீலனே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு, இன்ஸ்பெக்டர் வராமலே, பிரம்மநாயகி உள்ளே ஒரு நாற்காலி போடச் சொல்லிக் காவலரிடம் கூறினார். இரண்டு ரசீதையும் எழுதி முத்திரை வைத்தார். கொடுக்கும்போது, "இப்படி ஒரு அப்பா எழுதிக் குடுத்து நான் பாத்ததில்ல, ஐயா. எல்லாரும் வாபஸ் வாங்கத்தான் வருவாவ," என்றார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசியிருக்கலாம் என்றும் சொன்னார். பாக்கியசீலன் அதை அவளிடமே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். டாக்டர் தஸ்மியாவின் வாக்குமூலமும் கேட்டு வாங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வழக்குப் பதிவாயிற்று.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் கிறிஸ்டி வேலையிலிருந்து வந்ததும் ரசீதுகளைக் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். எண்ணையும் தேதியையும் இரண்டாம் முறை பார்த்தாள். மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"இல்ல," என்றார்.

அவள் ஒற்றைக் கையால் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். மூன்று பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு சபையில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்பாத்துரை வீட்டார் வக்கீலிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். பாக்கியசீலனுக்கு வயதாகி நினைவு தடுமாறிவிட்டதாம். மகள்தான் அவரைக் கையைப் பிடித்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நின்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதவைத்தாளாம்.

அப்படி நடக்கவில்லை. விடுப்பு தீர்ந்துபோனதால் கிறிஸ்டி அந்தப் புதன்கிழமைதான், கட்டுப் போட்ட கைக்காக ஆலையில் ஒதுக்கிய எழுத்து வேலைக்குத் திரும்பினாள். காலை ஆறரை மணிக்கு ஆலைப் பேருந்தில் ஏறிக் கங்கைகொண்டானுக்குப் போய்விட்டாள். தகப்பனார் நிலையத்துக்குப் போனது சாயங்காலம் வரை அவளுக்குத் தெரியாது.